நஞ்சுண்டாரும் நம் வைத்தியசாலைகளும்



வயல் வரம்பிலே தெளிகருவியை முதுகிற் சுமந்து நிற்கும் கமக்காரர் ஒருவரிடம், "என்ன ஐயா வேலை நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மருந்தடிக்கிறேன்" என்றே மறுமொழி வரும். நஞ்சடிக்கிறேன் என்று எவரும் சொல்வதில்லை. சிங்களக் கிராமங்களிலும் இதே வழக்கம்தான். நோய்க்குக் குடிக்கும் மருந்தையும் பயிருக்கு அடிக்கும் நஞ்சையும் 'பெஹெத்' என்ற ஒரே சொல்லால் அவர்கள் குறிக்கின்றனர். நம் நாட்டின் இரு மொழிகளும் இந்த இடத்தில் ஒற்றுமைப்பட்டு நிற்பது வியப்புக்குரியது. பூச்சியைக் கொல்வதைப் பயிரைக் காப்பதாகவே கமக்காரர் கருதினார். காப்பதனை மருந்தென்று அழைத்தார். அம்மருந்து வீட்டு மூலையிலும் குசினித் தட்டிலும் இடம்பிடித்ததற்கு இந்தப் பெயரும் ஒரு காரணமாய் இருக்கலாமென நான் எண்ணுவதுண்டு.

இன்றைய பேச்சிலே நான் கூற எடுத்துக்கொண்டது, அந்த மருந்தை உட்கொண்டு நமது வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வரலாறு. துயரமான வரலாறுதான். ஆயினும் இலங்கை தலைநிமிர்ந்து உலகுக்குச் சொல்லத்தக்க செய்தியொன்றும் அதற்குள் இருக்கிறது. அதனை அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே என்பதனாலேயே இப்பொருளைத் தேர்ந்தேன்.

நஞ்சு நமக்குப் புதியதன்று. எட்டியும் அலரியும் நம் வேலிகளிலும் காடுகளிலும் நெடுங்காலமாக நிற்பவை. பாம்புக் கடிக்கும் தாவர நஞ்சுக்கும் நம் பரியாரிமார் ஏடுகளில் முறைகள் எழுதி வைத்திருந்தனர். 1847ஆம் ஆண்டு வந்து சேர்ந்து மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். இத்தனை இருந்தும், தானே நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருவோர் அக்காலத்திற் குறைவு. 1950ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் தாழ்ந்தே இருந்தது. அவ்வீதம் 1995ஆம் ஆண்டளவில் எட்டு மடங்காகி, ஓர் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டியது. உலகத்து நாடுகளின் வரிசையில் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் மக்களின் மனத்துயரம் எட்டு மடங்காகப் பெருகிவிட்டதா? வறுமையும் கடனும் போரும் இடப்பெயர்வும் தந்த துன்பம் மெய்யானதே. ஆனால் கணக்குக்குத் துயரம் மட்டும் காரணமாகாது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள் மாறியது.

ஜேர்மனியிலே கெறாட் சிறேடர் என்னும் இரசாயன அறிஞர், 1930ஆம் ஆண்டுகளில் பூச்சிகொல்லிகளைத் தேடி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கண்டுபிடித்தவற்றுட் சில, பூச்சிக்கன்றி மனிதனுக்கே கொடியவையெனக் கண்டு, போர்க்கால நச்சுவாயுக்களாக ஒதுக்கி வைக்கப்பட்டன. 1944ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய பரதியோன் வயலுக்கு வந்தது. சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. போர் முடிந்து ஆசிய நாடுகள் உணவுற்பத்தியைப் பெருக்கப் புறப்பட்ட காலத்தில், இக்குடும்பத்து உறுப்பினர் ஒவ்வொருவராக இங்கும் வந்து சேர்ந்தனர். கல்லோயாத் திட்டம் 1949ஆம் ஆண்டில் தொடங்கியது. உலர்வலயக் காடுகள் குடியேற்றங்களாயின. புதிய நெல்லினங்கள் கூடிய விளைவைத் தந்தன. புதிய நெல்லோடு பசளையும் பூச்சிநாசினியும் இணைபிரியாது வந்தன. சந்திக் கடையிலே சீனியும் மண்ணெண்ணெயும் விற்ற இடத்தில் இவையும் விற்கப்பட்டன.

கலைப்பட்டதாரியாகிய நான் இரசாயனத்தையும் உடற்றொழிலையும் விளக்கப் புகுவது சற்றுத் துணிச்சலான செயலே. இருப்பினும் இது தெரியாமல் மேலே செல்ல இயலாது. நமது நரம்புகள் தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளையிடும்போது ஒரு பதார்த்தத்தைத் தூதாக அனுப்புகின்றன. தூது சென்று முடிந்ததும் அதனை உடனே அழிப்பதற்கென ஒரு நொதியம் உண்டு. சேதனப் பொசுபரசு நஞ்சு அந்த நொதியத்தைக் கட்டிப்போட்டு விடுகிறது. தூதுவர் சேர்ந்துகொண்டே போக, கட்டளை ஓயாமல் ஒலிக்கிறது. வியர்வை ஆறாகப் பெருகும், நுரையீரலுக்குள்ளேயே நீர் சுரக்கும், கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும், நாடி தளரும், இறுதியிலே தசைகள் சோர்ந்து மூச்சு நின்றுவிடும்.

இதற்கான முதல் மாற்று மருந்து அற்றோப்பீன். அதன் வரலாறும் சுவையானது. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் நாட்டிலே, குற்றவாளியா அல்லவா என்று சோதிப்பதற்கு ஒரு விதையை உண்ணக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவ்விதை எடின்பரோ நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே தோமஸ் பிறேசர் என்பார் 1870ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் செய்த ஆராய்ச்சிகளில், கலபார் விதையின் நஞ்சை அற்றோப்பீன் எதிர்த்து நிற்பதனைத் தெளிவாகக் காட்டினார். கலபார் விதையும் அதே நொதியத்தையே கட்டுவது. பரதியோன் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, அதற்குரிய மருந்து ஒரு வகையிலே கண்டுபிடிக்கப்பட்டு அலமாரியிலே காத்திருந்தது எனலாம்.

மருந்து இருந்ததாயினும், அதனை எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு விரைவாகக் கொடுப்பது என்பதில் நெடுங்காலம் ஒருமைப்பாடு இருக்கவில்லை. நூலுக்கொரு அளவு, வாட்டுக்கொரு வழக்கம். சிறிது கொடுத்துப் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. அளவுமீறிக் கொடுத்து நோயாளியைப் பிதற்ற வைத்தவர்களும் உண்டு. முதலிற் சிற்றளவு கொடுத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, குணங்காணாவிடின் அளவை இரட்டிப்பாக்கு என்ற எளிய விதி, நம் நாட்டு வாட்டுகளின் அனுபவத்திலிருந்து பிறந்து 2004ஆம் ஆண்டில் அச்சேறியது. ஒரு பள்ளிப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளக்கூடிய விதி! நள்ளிரவிலே தனியாக நிற்கும் இளம் வைத்தியருக்கு இத்தகைய விதியே பெரிய துணை.

இனி, நோயாளர் தொகையைப் பார்ப்போம். எத்தனை பேர் நஞ்சருந்தி வருகின்றனர் என்பதனை நாடளாவிய முறையிற் கணித்தவர்களுள் முதன்மையானவர் நம்மவரான வைத்தியர் ஜெயரத்தினம். அவரும் துணையாளரும் செய்த ஆய்வு, உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீட்டில் 1982ஆம் ஆண்டிலே பிரசுரமாயிற்று. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 13,000 பேர் பீடைநாசினி நஞ்சினால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுகின்றனர். அவர்களுள் 1,000 பேர் இறக்கின்றனர். நூற்றுக்கு 73 பேர் தாமே அருந்தியோர். எஞ்சியோருட் பெரும்பாலார் வயலிலே தொழில் செய்யும்போதோ தவறுதலாகவோ நஞ்சேறியவர்கள். இதுவே அவர் கண்ட கணக்கு. பின்னர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக இருந்து, வளர்முக நாடுகள் அனைத்திலும் இப்பிரச்சினை பரந்திருப்பதனை அவர் எடுத்துக்காட்டினார். அந்நாள் வரையில் இதனைக் குடும்பத்துக்குள் மறைக்கவேண்டிய வெட்கமாகவும் பொலிசாருக்குரிய வழக்காகவுமே நாடு பார்த்தது. சுகாதாரப் பிரச்சினையாக எண்ணிக்கையில் நிறுத்திக் காட்டியது அந்த ஆய்வு.

பொலிசார் என்றேன். தற்கொலைக்கு முயல்வது நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி 1998ஆம் ஆண்டு வரையிற் குற்றமாகவே இருந்தது. வெள்ளையர் காலத்துச் சட்டம். உயிர் பிழைத்தவர் கண்விழிக்கும்போது, கட்டிலருகே வாக்குமூலம் எழுதக் காத்திருப்பவரையும் காண நேரிடும். அந்த அச்சத்தினாற் சில குடும்பங்கள் நோயாளியைப் பிந்திக் கொண்டுவந்தன; கொண்டுவந்தும் 'தவறிக் குடித்துவிட்டார்' என்றே சொல்லின. எதனைக் குடித்தார் என்ற உண்மை தெரியாமல் வைத்தியர் என்ன செய்வார்? 1997ஆம் ஆண்டிலே சனாதிபதி நியமித்த குழுவொன்று தற்கொலைத் தடுப்பு பற்றி ஆராய்ந்தது. மறு ஆண்டிலே அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. காலந்தாழ்த்தி வந்த நற்செயல்.

1987ஆம் ஆண்டுக்கு வருவோம். பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும், அமெரிக்காவின் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகையிலே பத்து நோயாளரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். நஞ்சின் முதல் வேகம் தணிந்து, வியர்வை நின்று, நோயாளி எழுந்து பேசத் தொடங்கிய பின்னர், 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் திடீரெனக் கழுத்துத் தசை சோர்ந்து தலையை உயர்த்த இயலாது போகிறது. தொடர்ந்து மூச்சுத் தசைகளும் தளர்கின்றன. செயற்கைச் சுவாசக் கருவி இல்லையேல் மரணமே. இதற்கு அவர்கள் 'இடைநிலைக் கூட்டறிகுறி' என்று பெயரிட்டனர். இன்று உலகெங்கும் வைத்திய மாணவர் கற்கும் பாடம் இது. 'ஆபத்து நீங்கிவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்' என்று உறவினரை அனுப்பி வைத்த இரவிலே ஏன் சிலர் இறந்தனர் என்ற புதிருக்கு, கண்டி மலைச்சாரலிலிருந்து விடை கிடைத்தது. அதன் பிறகு, கண்விழித்த நோயாளியிடம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது வாட்டுச் சுற்றின் ஒரு பகுதியாயிற்று.

அடுத்த ஆண்டாகிய 1988இல், கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலே பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவின் முயற்சியால் தேசிய நச்சுத் தகவல் நிலையம் அமைந்தது. எந்தக் கிராமத்து வைத்தியரும் தொலைபேசியிலே அழைத்து ஆலோசனை பெறும் வழி திறந்தது.

இவ்வளவும் நடந்தும் மரணம் குறைந்ததா? அநுராதபுரத்துக் கணக்கைக் கேளுங்கள். அங்குள்ள பொது வைத்தியசாலையில் 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 2,559 வளர்ந்தோர் நஞ்சருந்தி அனுமதிக்கப்பட்டனர். இறந்தோர் 325 பேர். அஃதாவது நூற்றுக்கு 12.7. இங்கிலாந்திலே நஞ்சருந்தி வருவோருள் நூற்றுக்கு ஒருவர்தானும் இறப்பதில்லை. இந்த வேற்றுமையைக் கண்டு நம் வைத்தியரின் திறமையைக் குறைத்து மதிப்பிட்டவர்களும் உண்டு. அது நியாயமன்று. அங்குள்ளோர் அருந்தியவை பெரும்பாலும் மாத்திரைகள்; இங்குள்ளோர் அருந்தியவை பூச்சியையும் மனிதனையும் வேறுபடுத்தி அறியாத வயல் நஞ்சு. அளக்கும் பொருள் வேறாகும்போது அளவுகோலை எங்ஙனம் குறைகூறுவது?

அநுராதபுரத்துக் கணக்கை எழுதியவர்களுள் ஒருவர் மைக்கல் எடில்ஸ்டன் என்னும் பிரித்தானிய வைத்தியர். மற்றொருவர் கொழும்புப் பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப். இவர்களும் இவர்களைச் சூழ்ந்த உள்நாட்டு வெளிநாட்டு வைத்தியர் குழுவினரும் அடுத்த பத்தாண்டுகளிற் செய்த பணி, என் நோக்கில், நம் வைத்தியசாலைகளின் வரலாற்றிலே பொன்னெழுத்துக்குரியது. காரணம் யாதெனின், 'வழக்கமாகச் செய்கிறோம்' என்று செய்யப்பட்ட ஒவ்வொரு சிகிச்சையையும் அவர்கள் கேள்விக்கு உட்படுத்தினர்.

வயிறு கழுவுதலை எடுத்துக்கொள்வோம். நஞ்சருந்தி வந்தவரைப் பிடித்துக் கட்டி, மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாய் செலுத்தி நீர் ஊற்றி வாங்குவது அக்கால வழக்கம். உறவினரும் அதனை எதிர்பார்த்தனர். கழுவாவிட்டால் 'ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்' என்று கூக்குரலிட்டனர். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் நீர் சென்று, நஞ்சினாலன்றிச் சிகிச்சையினாலேயே உயிர் போகும் அபாயம் உண்டென்பதனை, நம் வைத்தியசாலைகளிலே நேரிற் கண்டவற்றைக் கொண்டு 2007ஆம் ஆண்டிலே அவர்கள் எழுதினர். வீட்டிலே சவர்க்கார நீரும் உப்பு நீரும் பருக்கி வாந்தியெடுக்கச் செய்வதற்கும் இதே கண்டனம் பொருந்தும். கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் இதனை மனத்திற் கொள்வது நன்று: நஞ்சருந்தியவருக்கு வீட்டிலே எதையும் பருக்க வேண்டா, போத்தலை உடன் எடுத்துக்கொண்டு, கிட்டிய வைத்தியசாலைக்கு விரைவதே செய்யத்தக்கது.

அடுத்தது கரித்தூள். நுண்துளைகள் நிறைந்த தனிவகைக் கரி, வயிற்றிலுள்ள நஞ்சைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்புடையது. 1831ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து மருந்தாளரான துவேறி, அறிஞர் சபையின் முன்னிலையிற் கரியோடு கலந்து எட்டிச் சாரத்தை உண்டு பிழைத்துக் காட்டினார் என்று கூறுவர். அத்தகைய துணிச்சல் ஒரு சான்றாகாது. அசித்த டி சில்வாவும் குழுவினரும் அலரி விதை உண்ட 401 பேரிடையே நடத்தி, 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, கரியைத் திரும்பத் திரும்பப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 2.5 பேரும், பெறாதவர்களுள் 8 பேரும் இறந்தனர். எல்லாரும் மகிழ்ந்தனர். ஆனால் 2002 தொடக்கம் 2004 வரையில் வடமத்திய, வடமேல் மாகாணங்களின் மூன்று வைத்தியசாலைகளில் 4,632 நோயாளரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்விலே அந்த நன்மை காணப்படவில்லை. பலமுறை கரி பெற்றோருள் இறந்தோர் நூற்றுக்கு 6.3, ஒருமுறையேனும் பெறாதோருள் 6.8. இது தற்செயலாலும் ஏற்படக்கூடிய சிறு வேறுபாடே.

பிரலிடொக்சீம் என்னும் மருந்தின் கதியும் இதுவே. கட்டுண்ட நொதியத்தை அவிழ்த்து விடுவது அதன் தொழில். ஏட்டிலே படித்தால் இதனைவிடப் பொருத்தமான மருந்து வேறில்லை. இந்தியாவிலே பராமதி என்னும் ஊரில் 200 பேரிடையே நடந்த ஆய்வு, 2006ஆம் ஆண்டில் அதற்கு நற்சாட்சி கூறியது. இலங்கையில் 235 பேரிடையே நடந்து 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலோ, மருந்து பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேரும், பெறாதவர்களுள் 16 பேரும் இறந்தனர். மருந்தே கொன்றது என்று சொல்வதற்கு அத்தொகை போதாது; காத்தது என்று சொல்வதற்கோ சற்றும் இடமில்லை. விலையுயர்ந்த மருந்தொன்று பயன்தரவில்லையென ஒப்புக்கொள்வது எளிதன்று. அதனைச் செய்த நேர்மையை நான் போற்றுகிறேன்.

வெற்றியும் ஒன்று கிடைத்தது. அலரி விதையின் நஞ்சு இருதயத்தின் நடையைக் குலைப்பது. யாழ்ப்பாணத்திலே 1980ஆம் ஆண்டுகளில் இது எங்ஙனம் பரவிற்று என்பதனைப் பேராசிரியர் சரவணபவானந்தனும் துணையாளரும் 170 பேரை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் எழுதினர். ஒரு துயரச் செய்தியைப் பத்திரிகைகள் விரித்தெழுதியதும் அது பரவியதற்கு ஒரு காரணம் என்பர். ஆதலின் அவ்விவரங்களை நானும் இங்கு எடுத்துரையாது விடுகிறேன். செம்மறியாட்டின் குருதியிலிருந்து எடுத்த எதிர்ப்பொருளொன்று இந்நஞ்சை முறிக்குமென்று, கொழும்பு இருதய சிகிச்சை நிலையத்தில் 66 பேரிடையே நடந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு நிறுவியது. மணித்தியாலக் கணக்கில் இருதய நடை சீர்ப்பட்டது. ஆனால் என்ன! மேனாட்டிலே செய்யப்படும் அம்மருந்தின் விலை ஏழை நாட்டுக்கு எட்டாதது. 2002ஆம் ஆண்டில் வரவு நின்றது. மரணங்கள் மீண்டும் உயர்ந்தன. மருந்து உண்டு, முறை தெரியும், வைத்தியரும் உண்டு. போத்தல் மட்டும் இல்லை. இதனைவிட வேதனையான நிலை வாட்டொன்றிலே வேறெதுவும் இருக்க முடியாது.

பரகுவாட் என்னும் களைநாசினிக்கோ மாற்று மருந்தே இல்லை. அருந்தியவர் தெளிந்த அறிவோடு பேசிக்கொண்டிருக்க, நாட்கள் செல்லச் செல்ல நுரையீரல் இறுகிப்போகும். உற்பத்தியாளர் வாந்திமருந்து முதலியவற்றைச் சேர்த்துப் புதிய கலவையொன்றைக் கொணர்ந்தனர். ஒன்பது வைத்தியசாலைகளில் 586 பேரை அவதானித்ததில், பிழைத்தோர் நூற்றுக்கு 27 என்பதிலிருந்து 37 ஆக உயர்ந்தனர். முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை. எனினும் பெரும்பான்மையோர் இறந்தனர்.

ஆக, கட்டிலருகிலே செய்யத்தக்கவையெல்லாம் செய்து பார்த்தாயிற்று. இறப்போரின் தொகையை உண்மையிற் குறைத்தது வைத்தியசாலைக்கு வெளியே நடந்தது. இலங்கையின் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்படி பதிவாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் பதியாத பொருளை இறக்கவோ விற்கவோ இயலாது. பரதியோனும் அதன் உறவான மெதைல் பரதியோனும் 1984ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவையென வகுத்த முதலாம் வகுப்பிலே எஞ்சியிருந்த மொனோகுரோட்டோபொஸ், மெதமிடொபொஸ் ஆகியவை 1995ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டன.

அங்கே ஒரு திருப்பம். நிறுத்தியவற்றின் இடத்துக்கு எண்டோசல்பான் வந்தது. அதனை அருந்தியவர்கள் ஓயாத வலிப்பினால் இறந்தனர். 1994ஆம் ஆண்டில் ஒருவராக இருந்த அத்தகைய இறப்பு, 1998ஆம் ஆண்டில் 50 ஆயிற்று. வாட்டிலே இருந்தவர்கள் இதனைக் கவனித்துக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். 1998ஆம் ஆண்டிலேயே எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டது. மூன்றாண்டுகளில் அவ்விறப்பு மூன்றாகக் குறைந்தது. வைத்தியசாலைப் பதிவேடு ஒன்று நாட்டின் இறக்குமதிக் கொள்கையை மாற்றிய அருஞ்செயல் இது. தாதியர் கையெழுத்திலே அந்தந்த நாளில் எழுதிவைத்த குறிப்புகளுக்கு இத்துணை வலிமையுண்டு. பின்னர் 2008 தொடக்கம் 2011 வரையில் பரகுவாட், டைமெதோயேற், பென்தியோன் ஆகியவையும் படிப்படியாக அகற்றப்பட்டன.

விளைவு என்ன? 1986 தொடக்கம் 1995 வரையிலான பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 தொடக்கம் 2005 வரையிலான பத்தாண்டுகளில் 19,769 தற்கொலைகள் குறைந்தன. 1995ஆம் ஆண்டிலிருந்த வீதம், 2015ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய எழுபது வீதத்தால் தாழ்ந்திருந்தது. இருபது ஆண்டுகளிற் காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். நஞ்சருந்தி வந்தவர்களின் தொகை இதே அளவிற் குறையவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. துயரமும் கோபமும் இருந்தன, வந்தவர்கள் வந்தார்கள், ஆனால் முன்போல் இறக்கவில்லை.

'சாக நினைத்தவன் வேறு வழி தேடமாட்டானா?' என்று கேட்போர் உண்டு. பொலனறுவை, அநுராதபுர நோயாளரிடம் கேட்டறிந்த ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் இதற்கு விடை தந்தது. பாதிக்கு மேற்பட்டோர் அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே எண்ணிப் பார்த்திருந்தனர். பெரும்பாலோர் கைக்கு அகப்பட்டதையே எடுத்தனர். அதன் கொடுமை எவ்வளவென்பதை அறிந்திருக்கவில்லை. வீட்டிலே ஒரு சச்சரவு, ஒரு கடுஞ்சொல், பரீட்சைத் தோல்வி. அந்த அரைமணி கடந்துவிட்டால் வாழ்வு தொடர்கிறது. பாடசாலையிலே பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இது புதிய செய்தியாகத் தோன்றவில்லை. நேயர்களுள் எவரேனும் அத்தகைய வேளையில் இருப்பின், 1926 என்னும் இலக்கத்தை அழைத்துப் பேசலாம். 1974ஆம் ஆண்டு தொடக்கம் 'சுமித்ரயோ' அமைப்பினரும் இப்பணியைச் செய்து வருகின்றனர்.

கமக்காரரின் பக்கத்தையும் கேட்கவேண்டும். நஞ்சை எடுத்துவிட்டால் விளைச்சல் விழுந்துவிடாதா என்பது அவர்களின் நியாயமான அச்சம். பீடைநாசினிப் பதிவாளராயிருந்த காமினி மனுவீரவும் பிறரும் நெல், மரக்கறி விளைவுகளை ஆராய்ந்து, இத்தடைகளினால் விளைச்சல் குன்றவில்லை என்று 2008ஆம் ஆண்டிலே காட்டினர். காரணம், மிகக் கொடிய சிலவற்றையே தெரிந்து அகற்றினார்கள். மாற்று வழியை விட்டுவைத்தார்கள். ஆண்டுகள் எடுத்துச் செய்தார்கள். இதனோடு 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை ஒப்பிடலாம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை, நாசினி அனைத்தின் இறக்குமதியும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டது, வயல்கள் வாடின, கமக்காரர் வீதிக்கு வந்தனர், நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. பின்னதன் ஆரவாரத்தில் முன்னதன் வெற்றி மறக்கப்பட்டுவிடுமோ என்பதே என் கவலை.

வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. வட மத்திய மாகாணத்தின் 180 கிராமங்களில், ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டு நடந்த ஆய்விலே, ஒரு பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுடைய பெட்டிகள் கொடுக்கப்பட்டன. நஞ்சை அவற்றுட் பூட்டி வைக்கும்படி சொல்லப்பட்டது. நல்ல எண்ணந்தான். 2017ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது, பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாதவற்றுக்கும் இடையிலே வேற்றுமை காணப்படவில்லை. திறப்பு வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது!

இன்று கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு வருவோரிடையே, வயல் நஞ்சை அருந்தியோர் குறைந்து, வீட்டிலிருந்த மாத்திரைகளை விழுங்கியோர் கூடி வருகின்றனர். அவர்களுட் பலர் பாடசாலை வயதினரும் இளம் பெண்களுமாவர். முறிமருந்து கையிருப்பில் உண்டு. காலத்தோடு வந்துவிட்டால், பெரும்பாலோர் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்புகின்றனர். அங்ஙனம் திரும்புமுன், வாட்டுச் சந்தடியிலிருந்து சற்று விலக்கி அழைத்துச்சென்று, என்ன நடந்தது என்று அவர்களோடு அமர்ந்து கேட்பதற்கு ஓர் ஆள், எல்லா வைத்தியசாலைகளிலும் இன்னும் நியமிக்கப்படவில்லை.